நாலாம் நாள் மல்லிச் சர்க்கரை

மூடியைத் திறக்கக் கூடாது. மணி ஐந்து ஐம்பதுதான் ஆகிறது. மல்லி மொட்டு ஆறரைக்கு முன்னால் வாயைத் திறக்காது, இருபத்தாறு வருஷம் மல்லியோடு மாரடித்தவளுக்கு இது தெரியாதா என்ன, ஆனாலும் கை போய்ப் போய் மூடி மேலேயே உட்காருகிறது. எடு கையை. தூக்குச்சட்டிக்குள் பொடித்த சர்க்கரை ஒரு அடுக்கு, அதன் மேல் மொட்டு ஒரு அடுக்கு, திரும்பவும் சர்க்கரை, திரும்பவும் மொட்டு. திங்கட்கிழமை ஆரம்பித்தது. ஒவ்வொரு சாயங்காலமும் புது மொட்டு போட்டு, விடிகாலையில் சலித்து எடுத்து, இன்றைக்கு நாலாம் நாள். பூ தன் வாசனையைச் சர்க்கரைக்குக் கொடுத்துவிடும், சர்க்கரை அதைத் தண்ணீருக்குக் கொடுக்கும், தண்ணீர் ஒயினுக்குக் கொடுக்கும், நுரைக்கிற ஒயின் அதைத் தூக்கிக்கொண்டு போய் மனுஷர்களின் மூக்கில் சேர்க்கும். என் மூக்கில் சேர்க்காது. என் மூக்குக்கு இரண்டு வருஷமாக எதுவும் வந்து சேர்வதில்லை. ஏழு மணிக்குச் சொக்கலிங்கம் அண்ணன் வருகிறார், திலகா மதினியோடு, காரோடு, என்னை அள்ளிக்கொண்டு போய்த் தன் வீட்டுப் பின்கட்டு அறையில் வைத்துக்கொள்ள. வாசனை தெரியாதவள் தனியாக இருக்கக் கூடாதாம். பெட்டியைக் கட்டி வை பாப்பா என்று ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே போனில் சொல்லியாயிற்று. ஐம்பத்து நாலு வயசில் நான் இன்னும் பாப்பாதான். பெட்டி பரண் மேல் இருக்கிறது, பெட்டி மேல் மூன்று வருஷத் தூசி இருக்கிறது, அதைத் துடைக்கக்கூட நான் ஏணி போடவில்லை. கட்டுகிறேன் என்று சொன்னேனா? சொல்லவில்லை. வாங்க என்று மட்டும்தான் சொன்னேன். வருகிறவர்களுக்கு ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும் இல்லையா, கொடுக்கிறேன். வெறும் வாசனையால் மட்டுமே ஆன ஒன்றைக் கொடுக்கிறேன், மூக்கில்லாமல் செய்து, அடுப்புப் பக்கமே போகாமல் செய்து. குடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லட்டும், இவளால் முடியாது என்று.

மூக்கு எனக்கு இருந்தது, ஐயா, சாதாரண மூக்கா அது. நிலக்கோட்டைப் பக்கம் மல்லியிலிருந்து வாசனை எடுக்கிற தொழிற்சாலை, விடிந்தும் விடியாமலும் சாக்குச் சாக்காகப் பூ வந்து இறங்கும், ஆள் உயரக் கலங்களில் கொட்டி வாசனையை மெழுகாக இறக்குவார்கள், அந்த மெழுகு வெளிநாடு போகலாமா கூடாதா என்று சொல்கிற நாற்காலி என்னுடையது. தாள் நறுக்கை மெழுகில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனால் போதும். இது காலைப் பூ, இது வெயிலேறிப் பறித்தது, இதில் எவனோ மலிவான காக்கரட்டான் பூவைக் கலந்திருக்கிறான், இந்தச் சாக்கு மழையில் நனைந்தது. கண்ணி மேடம் சொல்லிவிட்டால் முதலாளியும் மறுபேச்சு பேச மாட்டார். அங்கயற்கண்ணி என்று அம்மா வைத்த பெயர் அந்தக் கட்டடத்துக்குள் மட்டும்தான் புழங்கியது, வீட்டில் பாப்பா. இந்த மூக்கு எனக்குக் கல்யாணத்தைக்கூடக் கெடுத்தது, கெடுத்தது என்று மதினி சொல்வாள், காப்பாற்றியது என்று நான் சொல்வேன். பெண் பார்க்க வந்தவர் சந்தனப் பவுடரைக் கொட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், பவுடருக்கு அடியில் மூக்குப்பொடி, மூக்குப்பொடிக்கு அடியில் இரண்டு நாள் துவைக்காத பனியன். காபித் தட்டை வைத்துவிட்டு, உங்களுக்குப் பொடிப் பழக்கம் உண்டோ என்று கேட்டுவிட்டேன். அண்ணன் முகம் போன போக்கு. அதற்கப்புறம் நாலு வருஷம் யாரும் வரவில்லை, வந்தபோது நான் வேண்டாம் என்றேன். அப்படிப்பட்ட மூக்கு ஒரு காய்ச்சலில் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆபிதா ஏன் எனக்கு வெந்நீரைக் கொடுத்திருக்கிறாள் என்று யோசித்தேன். எதிர்வீட்டு ஆபிதாதான் அந்தக் காய்ச்சலில் எனக்குக் காபி வைத்துக் கொடுத்தவள். வந்துவிடும் என்றார் டாக்டர், இரண்டு வாரத்தில் வந்துவிடும், இரண்டு மாசத்தில் வந்துவிடும். நான் வேலைக்குத் திரும்பிப் போனேன், நாற்காலியில் உட்கார்ந்தேன், பதினோரு நாள் ஏமாற்றினேன். எதிரே உட்கார்ந்திருந்த இந்திராணி, என்னிடம் வேலை கற்றவள், அவளும் ஒரு நறுக்கை எடுத்து முகர்வாள் இல்லையா, நான் நறுக்கைப் பார்க்காமல் அவள் மூக்கைப் பார்ப்பேன். நல்ல வாசனை என்றால் தோள் கொஞ்சம் இறங்கும், உடனே இரண்டாவது மூச்சு ஒன்றை மனுஷி தன்னையறியாமல் இழுப்பாள். கெட்ட வாசனைக்கு இரண்டாவது மூச்சு கிடையாது. பதினோரு நாளும் ஒரு முடிவுகூடத் தப்பவில்லை. பன்னிரண்டாம் நாள் என்னை எனக்கே சகிக்கவில்லை, எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். சால்வை போர்த்தினார்கள். பஸ்ஸில் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு மதுரை வரும் வரை அழுதேன், பக்கத்து சீட்டுக்காரி ஜன்னலைத் திறந்துவிட்டு, வாந்தி வருதாம்மா என்றாள்.

ஆறு ஐந்து. திறக்கக் கூடாது. ஃப்ரிட்ஜைத் திறக்கலாம், அதிலொன்றும் தப்பில்லை. பாட்டில் கீழ்த் தட்டில் படுத்திருக்கிறது, கழுத்தில் தங்கத்தாள், தொட்டால் விரல் ஒட்டுகிற குளிர். தயிர்க் கிண்ணத்தில் தேதி, சாம்பார்ப் பாத்திரத்தில் தேதி, மாவில் தேதி, எல்லாவற்றிலும் என் கையெழுத்து. ஊசிப்போனதை எல்லாரும் முகர்ந்து கண்டுபிடிப்பார்கள், நான் படித்துக் கண்டுபிடிக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாழவில்லை. மூன்று வேளை குளிக்கிறேன், என் மேல் என்ன வாடை அடிக்கிறதோ என்கிற பயம். நெருப்புப் பெட்டியால்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன், பற்றியது கண்ணுக்குத் தெரியும், லைட்டர் செத்து ஆறு மாசமாகிறது, சும்மா ஆணியில் தொங்குகிறது. அப்புறம் வளையல். ஒற்றை வளையல், சிவப்பு, பிளாஸ்டிக், திருவிழாக் கடையில் வாங்கியது. சிலிண்டர் மூடியிருந்தால் வளையல் ரெகுலேட்டர் மேல் மாட்டியிருக்கும், அதை எடுக்காமல் ரெகுலேட்டரைத் திருக முடியாது. எடுத்தால் அது என் கைக்குப் போகும். கையில் வளையல் இருந்தால் கேஸ் திறந்திருக்கிறது, இல்லையென்றால் மூடியிருக்கிறது. மூன்றாவது இடம் கிடையாது. இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட மூன்றாவது இடம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை. திரும்பவும் அங்கேதான் வந்து நிற்கிறேன். மூன்று மணிக்குக் காபி போட்டேன், குடித்தேன், மூடினேன், வளையலை மாட்டினேன். மாட்டினேனா? மாட்டினேன். நாலு மணிக்கு மொட்டை மாடிக்குப் போனேன், தொட்டியில் ஏழு மல்லிச் செடி வைத்திருக்கிறேன், களை எடுத்துவிட்டுக் கீழே வந்தால் அண்ணன் வந்திருக்கிறார், அவரிடம் ஒரு சாவி உண்டு, பால்கனியில் நின்று யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். ஹாலில் இருக்கிற ஃப்ரிட்ஜிலிருந்து மோர் எடுத்துப் பால்கனிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன், முறுக்கு கொடுத்தேன், சமையலறைக்குள் நான் போகவே இல்லை. ஐந்து மணிக்குக் கிளம்பிப் போனார். நான் தண்ணீர் ஊற்ற மறுபடி மாடிக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் ஆபிதா கீழேயிருந்து கத்தினாள், கேஸ் கேஸ் என்று. நான் ஓடி வருவதற்குள் அவளே உள்ளே புகுந்து கைக்கு வந்த திருகையெல்லாம் மூடி, ஜன்னலையெல்லாம் திறந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்கு அங்கே ஒன்றுமே இல்லை. வெறும் சமையலறை, வெறும் காற்று, அவள் கண்ணில் மட்டும் பயம். நான் கையைப் பார்த்தேன், வளையல் இல்லை. சிலிண்டரைப் பார்த்தேன், வளையல் இல்லை. உப்பு ஜாடி மூடி மேல் இருந்தது. உப்பு ஜாடி மேல் நான் ஏன் வைக்கப் போகிறேன்? ஆபிதாவை மறுநாள் கேட்டேன், வளையலா, என்ன வளையல், நான் எதையும் பார்க்கலக்கா என்றாள். அப்படியென்றால் நான்தான் வைத்திருக்கிறேன். என் கை என்னைக் கேட்காமல் வைத்திருக்கிறது. மூக்கு போனதை நான் ஒத்துக்கொண்டேன், ஊரறிய ஒத்துக்கொண்டேன். தலையும் போக ஆரம்பித்துவிட்டதா? இதை யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனிடம், மதினியிடம், ஆபிதாவிடம்கூட உப்பு ஜாடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் பின்கட்டு அறையில் வைப்பார்கள், வெளியே தாழ்ப்பாளும் போடுவார்கள். ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் அந்த ஜாடி, அதன் வெள்ளை மூடி, மேலே சிவப்பாக அது.

போன் அடிக்கிறது. அண்ணன்தான். "என்ன பாப்பா, கட்டிட்டியா?" வாங்கண்ணே என்கிறேன். "வர்றோம், கிளம்பிட்டோம். துணிமணி மட்டும் எடுத்துக்கிட்டா போதும், பாத்திரம் பண்டம்லாம் எதுக்கு, அங்க இல்லாததா. மருந்து மாத்திரைய மறந்துராத." அவர் குரலில் எப்போதும் அந்தப் பாசம் இருக்கும், அதுதான் என்னை எரிச்சல் படுத்துகிறது, கெட்ட மனுஷராக இருந்தால் சண்டை போட்டுவிடலாம். "அடுப்பு கிடுப்புப் பக்கம் போகாத, என்ன? வந்து நான் பாத்துக்கறேன்." சரிண்ணே என்கிறேன், போகலண்ணே என்கிறேன், உண்மையும்கூட. பின்னால் மதினி ஏதோ சொல்வது கேட்கிறது, என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. மதினி அதிகம் பேசுகிறவள் இல்லை. முப்பது வருஷத்தில் நான் சமைத்த எதையும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை, நன்றாயில்லை என்றும் சொன்னதில்லை, இரண்டாம் தடவை வாங்குகிறாளா இல்லையா என்பதை வைத்து நானாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். அண்ணன் என்னிடம் பொய் சொல்வார், பாவம் பாப்பா என்று சொல்லிவிட்டுப் பொய் சொல்வார். மதினிக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால் இன்றைக்கு எனக்கு வேண்டியது அவளுடைய மூக்குதான். போனை வைத்துவிட்டேன். அங்க இல்லாததா என்கிறார். என் மல்லிச் செடி ஏழும் அங்கே இருக்கிறதா?

பாட்டிலை வாங்கப் போன கதையை ஆபிதாவிடம் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்பாள், ஒயின் என்றால் முகம் சுளிப்பாள், ஆனால் சிரிப்பாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பஸ் பிடித்து, அந்தப் பெரிய வணிக வளாகத்தின் அடித்தளத்துக்குப் போய், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தேன், கைத்தறிப் புடவை, மஞ்சள் பை, நெற்றியில் விபூதி. உள்ளே நின்ற ஆண்கள் எல்லாரும் திடீரென்று போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கவுன்ட்டரில் இருந்தவர், "ஐயாவுக்காம்மா? சீட்டுல எழுதிக் குடுத்துருக்காரா?" என்றார். "எனக்குத்தான். நுரைக்கிற ஒயின் வேணும், இனிப்பு கம்மியா இருக்கறது, பெட்டி மேல வெயில் படாம வச்சிருந்தது" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், தினசரித்தாளில் சுற்றப் போனார். சுற்ற வேண்டாம், அப்படியே குடுங்க என்றேன். மஞ்சள் பையில் கழுத்து வெளியே தெரிய பஸ்ஸில் வந்தேன். யாருக்கு என்ன. இதைச் செய்யச் சொல்லித் தந்தவள் ஒடெட் என்று ஒரு கிழவி, பிரான்ஸ்காரி, வாசனை வாங்குகிற கம்பெனியிலிருந்து வருஷா வருஷம் பூ சீசன் முடியும்போது வருவாள். கடைசிச் சாக்கு கலத்தில் இறங்கியதும் பரிசோதனை அறையைச் சாத்திவிட்டு, என்னையும் இந்திராணியையும் உட்கார வைத்து, கண்ணாடிக் குவளைகளில் இதைக் கலந்து தருவாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் பிரெஞ்சு தெரியாது, கையால் காட்டுவாள். தக்கையைத் திருகாதே, தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருகு. வேட்டு வெடிக்கக் கூடாது, பெருமூச்சு விடுகிற சத்தம்தான் வர வேண்டும். மல்லியைக் காய்ச்சாதே, காய்ச்சினால் செத்துவிடும், சர்க்கரையில் தூங்க வை. முதல் வருஷம் பயந்து பயந்து நாக்கில் வைத்தேன், அந்த நுரை மேலண்ணத்தில் உடைந்து மூக்கின் பின்வாசல் வழியாக ஏறியபோது, எங்கள் ஊர்ப் பூ இவ்வளவு பெரியதா என்று எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இனி ஏறாது. பின்வாசலும் சாத்தியாயிற்று. இருந்தால் என்ன, ஏறுகிறவர்களுக்கு ஏறட்டும்.

ஆறு இருபத்தைந்து. இப்போது உண்மையைச் சொல்லிக்கொள்ள வேண்டும். புதன்கிழமை காலையில் தூங்கிவிட்டேன். ஐந்து மணிக்குச் சலித்து எடுக்க வேண்டிய பூவை ஏழே காலுக்குத்தான் எடுத்தேன், அதற்கு முந்தின ராத்திரி முழுக்க உப்பு ஜாடி தூங்க விடவில்லை, விடிகாலையில் கண் அசந்துவிட்டது. இதழ் நுனியெல்லாம் பழுப்பு. மல்லி அளவுக்கு மேல் தங்கிவிட்டால் அதன் வாசனை புரண்டுவிடும், சாக்கடையில் செத்த எலி கிடக்கிற மாதிரி ஒரு நாற்றம் அடியிலிருந்து கிளம்பும், தொழிற்சாலையில் அப்படி ஒரு சாக்கு வந்தால் முழுக் கலத்தையும் கொட்டச் சொல்வேன், தயவு தாட்சண்யம் கிடையாது. இந்தச் சர்க்கரையை மட்டும் கொட்டவில்லை. கொட்டினால் திரும்ப ஆரம்பிக்க நாள் இல்லை. புதன் சாயங்காலம் புதுப் பூவைப் போட்டு மூடினேன், இன்றைக்கும் போட்டு மூடினேன். ஒருவேளை நன்றாக இருக்கலாம், ஒருவேளை நாறலாம், எனக்கு எப்படித் தெரியும், நாக்கில் வைத்தால் இனிக்கிறது, இனிப்பு மட்டும்தான். ஆபிதாவைக் கூப்பிட்டு முகர்ந்து பாரடி என்றால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். இரண்டு தடவை கதவு வரை போனேன், செருப்பைக்கூட மாட்டினேன். வேண்டாம். இன்னொருத்தி மூக்கைக் கடன் வாங்கிப் பதினோரு நாள் பிழைத்தேன், அது போதும். இதழ் நுனிப் பழுப்பு ஒரு அரிசி அளவுக்கு மேல் போகவில்லை, காம்பு இன்னும் பச்சையாகத்தான் இருந்தது, சர்க்கரை கட்டி தட்டியிருந்தது ஆனால் நிறம் மாறவில்லை. இவ்வளவும் என் கண் பார்த்தது. இதைப் பார்த்து நான் சொல்கிறேன், தேறும். நான் சொன்னால் தேறும். தப்பாகப் போனால் என் தப்பு, அவர்கள் முன்னால் நாறட்டும், அதற்கும் நானே பொறுப்பு. ஆனால் செய்யாமல் பெட்டி கட்டுகிறவள் நான் இல்லை.

ஆறரை தாண்டிவிட்டது, திறக்கிறேன். விரிந்திருக்கிறது. எல்லாம் விரிந்திருக்கிறது. சர்க்கரைக்குள்ளிருந்து வெள்ளையாக முண்டிக்கொண்டு எழுந்து நிற்கிறது, மேல் அடுக்குச் சர்க்கரை அங்கங்கே வெடித்திருக்கிறது. இந்தச் சின்னப் பயல்களுக்கு இவ்வளவு பலம். முகத்தைக் கிட்டே கொண்டுபோகிறேன், பழக்கம், விடாத பழக்கம், இரண்டு மூச்சு இழுக்கிறேன், குளிர்ந்த காற்று மட்டும் உள்ளே போகிறது. பரவாயில்லை. சல்லடையில் கொட்டித் தட்டுகிறேன், பூ மேலே நின்றுவிடுகிறது, சர்க்கரை பொலபொலவென்று கீழே. இருப்பதில் அழகாக விரிந்த ஏழெட்டைத் தனியாக எடுத்துத் தட்டில் வைக்கிறேன், மிதக்கவிட. சர்க்கரையைக் குளிர்ந்த தண்ணீரோடு ஒரு பாட்டிலில் போட்டு மூடிக் குலுக்குகிறேன், நூறு வரை எண்ணிக் குலுக்குகிறேன், தோள்பட்டை வலிக்கிறது, இன்னும் அடியில் மணல் மாதிரி நிற்கிறது, இன்னொரு நூறு. ஆயிற்று. கண்ணாடி டம்ளர் மூன்று, நீளமானது, துடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தது. சால்வையைத் தவிரத் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த ஒரே பொருள் இந்த அளவுக் குழாய்தான், அதில் கோடு பார்த்துப் பதினைந்து மில்லி மல்லித் தண்ணீர் ஒவ்வொன்றிலும், அரைக் கரண்டி எலுமிச்சைச் சாறு, அதற்கு மேல் போனால் பூ ஓடிவிடும். கீழே காரின் சத்தம். கதவு சாத்துகிற சத்தம் ஒன்று, இரண்டு. லிஃப்ட் பழுது, மூன்று மாடி ஏறி வர மதினிக்கு ஐந்து நிமிஷமாகும். தங்கத்தாளைக் கிழிக்கிறேன், கம்பியைத் தளர்த்துகிறேன், தக்கையை முந்தானையோடு சேர்த்து இறுகப் பிடிக்கிறேன். பாட்டிலைத் திருகு. திருகு. ஹ் என்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான், ஒடெட் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பாள். டம்ளரைச் சாய்த்து ஓரமாக ஊற்றுகிறேன், நுரை ஏறி ஏறி இறங்குகிறது, காதைக் கிட்டே வைத்தால் அரிசி பொரிகிற மாதிரிச் சின்னச் சத்தம். அது எனக்குக் கேட்கிறது. மேலே ஆளுக்கொரு பூ.

சாவி போட்டுத்தான் அண்ணன் உள்ளே வருகிறார், மணி அடிக்கிற வழக்கம் இல்லை. வேர்த்திருக்கிறது. சுற்றிலும் பார்க்கிறார். "பெட்டி எங்க பாப்பா?" உக்காருங்கண்ணே, உக்காருங்க மதினி என்கிறேன். மேஜையைப் பார்க்கிறார், டம்ளரைப் பார்க்கிறார், பாட்டிலைப் பார்க்கிறார். "என்ன இது?" "ஒயின்ணே. மறைக்கல, ஒயின்தான். மாடி மல்லிய நாலு நாள் சர்க்கரையில வச்சுச் செஞ்சது." அவர் நெற்றியைத் தேய்க்கிறார். "நல்லாருக்கு போ. நாங்க எதுக்கு வந்துருக்கோம், நீ என்ன பண்ணிக்கிட்டு இருக்க? கேஸு தெறந்து கெடந்தது தெரியாம மாடியில நின்னவ நீ. அந்தப் பொம்பள மட்டும் இல்லன்னா என்ன ஆயிருக்கும்? ராத்திரிலாம் எனக்குத் தூக்கம் இல்ல பாப்பா." எனக்கும் இல்லை என்று சொல்ல வாய் வருகிறது, சொல்லவில்லை, ஏனென்றால் மதினி டம்ளரைக் கையில் எடுத்துவிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவள், யாரையும் கேட்காமல் எடுத்துவிட்டாள். நான் அவள் மூக்கைப் பார்க்கிறேன். உலகத்தில் வேறு எதையும் பார்க்கவில்லை. டம்ளர் மேலே போகிறது, உதட்டுக்கு முன்னால் நிற்கிறது. ஒரு மூச்சு. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. எலி, சாக்கடை, புதன்கிழமை, ஏழே கால். மதினியின் தோள் இறங்குகிறது. இரண்டாவது மூச்சு, நீளமாக, கண் தானாக மூடிக்கொள்கிற மூச்சு. தேறியது. தேறியது, தேறியது, நான் சொன்னேன் இல்லையா தேறும் என்று. "இது கடைப் பூ இல்ல" என்கிறாள் மதினி, என்னிடம் இல்லை, டம்ளரிடம், சொல்லிவிட்டு ஒரு வாய் குடிக்கிறாள்.

அண்ணன் இதையெல்லாம் பார்க்கவில்லை. "எனக்கு இதெல்லாம் வேணாம், மாடிப்படி ஏறி மண்டை இடிக்குது. நீ எந்திரிக்காத, அடுப்புப் பக்கம் போகாத, நானே ஒரு டீ போட்டுக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போகிறார். யார் வீட்டுக்குப் போனாலும் தன் டீயைத் தானே போட்டுக்கொள்கிறவர், அதில் அவருக்கு ஒரு பெருமை. போகட்டும் என்று விட்டேன். மதினி இன்னொரு வாய் குடிக்கிறாள். உள்ளே பாத்திரத்தை எடுக்கிறார், குழாயைத் திறக்கிறார், குனிகிற முனகல் கேட்கிறது. அப்புறம் அவர் குரல், தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல், எரிச்சலாக. "இந்த வளையல எதுக்குப் பாப்பா இதுல மாட்டி வைக்கிற? அன்னைக்கும் இப்படித்தான், எடுத்து உப்பு ஜாடி மேல வச்சுட்டுத் தெறக்க வேண்டியதாப் போச்சு. அன்னைக்கும் இந்த லைட்டரு பத்தித் தொலைக்கல." டக், டக் என்று லைட்டரை அடிக்கிற சத்தம். உப்பு ஜாடி. நான் யாரிடமும் சொல்லாத உப்பு ஜாடி. நான் மூடினேன். மூன்று மணிக்குக் காபி குடித்துவிட்டு மூடினேன், மாட்டினேன், என் கை என்னைக் கேட்காமல் எதையும் செய்யவில்லை. என் தலை என்னிடம்தான் இருக்கிறது, அது எங்கேயும் போகவில்லை. அழுகை முட்டுகிறது, நாலு ராத்திரி அழுகை, விழுங்கிக்கொள்கிறேன். மதினியின் டம்ளர் பாதி வழியில் நிற்கிறது. அவள் சமையலறைப் பக்கம் திரும்பி, சத்தமே உயர்த்தாமல் கேட்கிறாள், "என்னைக்கு?"

டக் சத்தம் நின்றுவிட்டது. குழாயும் நின்றுவிட்டது. அடுப்புத் திருகு மூடுகிறது, அப்புறம் சிலிண்டர் ரெகுலேட்டர், அது திரும்புகிற சத்தம் எனக்கு மனப்பாடம். அண்ணன் வாசல்படியில் வந்து நிற்கிறார், கையில் சிவப்பாக வளையல். போன் வந்தது, பால்கனிக்குப் போனேன் என்று ஏதோ ஆரம்பிக்கிறார். அறுபத்தோரு வயசு மனுஷர், நல்ல மூக்கு உள்ளவர். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகக்கூட இருக்கிறது, ஆனால் அந்தப் பாவத்தை அவருக்குக் கொடுப்பதாக இல்லை, எனக்கு எத்தனை வருஷம் கொடுத்திருக்கிறார், அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மதினி மிச்சத்தை ஒரே வாயில் குடித்துவிட்டு, அடியில் ஒட்டிய பூவை விரலால் எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, காலி டம்ளரை என் பக்கம் நீட்டுகிறாள். முப்பது வருஷமாகப் பாப்பா என்று கூப்பிட்டவள், "இன்னும் கொஞ்சம் ஊத்து, அங்கயற்கண்ணி" என்கிறாள். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொள்கிறேன், குளிர் இன்னும் போகவில்லை. "அத எடுத்த எடத்துலயே மாட்டிட்டு வந்து உக்காருங்கண்ணே" என்கிறேன், "நுரை அடங்கறதுக்குள்ள குடிக்கணும்." அவர் திரும்பி உள்ளே போகிறார். வளையல் ரெகுலேட்டர் மேல் விழுகிற சத்தம் கேட்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் ஊற்றுகிறேன்.